முன்பணம் கொடுக்கும் முன்னே மழையில் ஒருமுறை போய்ப் பாருங்கள்

தோட்டத்துப் பாட்டாளி மக்களே!

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார் என்பார்கள் பெரியவர்கள். இன்றைக்கு நம்மில் பலர் வீட்டைக் கட்டுவதில்லை; யாரோ கட்டியதை வாங்குகிறோம். விடியுமுன் பிரட்டுக்குப் போய், மழையிலும் வெயிலிலும் உழைத்துச் சேர்த்த சேமநிதிப் பணம் அது. வேலை ஓய்ந்ததும் லயத்தைக் காலி செய்ய வேண்டியிருக்கிறது. அந்த அவசரத்தில் செரண்டாவிலோ பெஸ்தாரி ஜெயாவிலோ ஒரு பழைய வீட்டைப் போய்ப் பார்க்கிறோம். "புதுசா சாயம் அடிச்சிருக்காங்க, பளபளன்னு இருக்கு" என்று முன்பணத்தை எண்ணிக் கொடுத்துவிடுகிறோம். முதல் அடைமழையில்தான் குட்டு வெளிப்படுகிறது.

இது வெறும் பயமுறுத்தல் அல்ல. புத்ராஜெயா எழுவதற்காகப் பிராங் பெசார் முதலிய தோட்டங்களை விட்டு வெளியேறிய நம் மக்கள், டிங்கிலில் தாமான் பெர்மாத்தா அடுக்குமாடி வீடுகளில் குடியேறினார்கள். அந்தச் சுவர்களில் விரிசல் கண்டது. லயத்தை விட்டால் போதும் என்று போனவர்கள், நல்ல வீடு கேட்டு ஆண்டுக்கணக்கில் குரல் கொடுக்க வேண்டியதாயிற்று.

வீட்டுக்கு வரும் கேடுகளில் பெரும்பங்கு தண்ணீரால் வருவது. ஆகவே வெயில் நாளில் ஒருமுறை பார்த்தால், மழை நாளிலும் ஒருமுறை போய்ப் பாருங்கள். முதலில் வெளியே சுற்றி வாருங்கள். கூரைத் தண்ணீர் எங்கே விழுகிறது? கால்வாயில் ஓடுகிறதா, அஸ்திவாரத்து ஓரமாகத் தேங்குகிறதா? வீட்டுக்குப் பின்னால் மேடு இருந்தால் இன்னும் கவனம். 1993 டிசம்பர் 11ஆம் தேதி உலு கிளாங்கில் ஹைலண்ட் டவர்ஸ் கட்டடம் சாய்ந்து 48 பேர் மாண்டார்கள். பல நாள் பெய்த மழையில் பின்பக்கத்து மண்சரிவு கட்டடத்தையே தள்ளிவிட்டது.

பிறகு உள்ளே வாருங்கள். ஈரம் எங்கிருந்து வருகிறது என்பதைச் சுவரே சொல்லிவிடும். தரையிலிருந்து இடுப்பளவு வரை சாயம் உரிந்து, வெள்ளையாய் உப்புப் பூத்திருந்தால் ஈரம் மண்ணிலிருந்து ஏறுகிறது. மேலிருந்து தேநீர்க் கறை போல வளையம் வளையமாய் இறங்கினால் கூரை ஒழுகுகிறது. எல்லாக் குழாயையும் மூடிய பிறகும் தண்ணீர் மீட்டர் சுற்றினால் எங்கோ குழாய் கசிகிறது. சந்தேகமான சுவரில் ஒரு துண்டுப் பிளாஸ்டிக்கை நாலு ஓரமும் ஒட்டி, இரண்டு நாள் விடுங்கள். உள்பக்கம் நனைந்தால் ஈரம் சுவருக்குள் இருக்கிறது. வெளிப்பக்கம் நனைந்தால் அறையில் காற்றோட்டம் போதவில்லை. ஒரே ஒரு சுவருக்கு மட்டும் புதுச்சாயம் அடித்திருந்தால், ஏன் என்று கேளுங்கள்.

செரண்டா, ரவாங் வட்டாரம் பழைய ஈயச் சுரங்கப் பூமி. தூர்த்த நிலம் ஒரு பக்கம் இறங்கும், மறுபக்கம் நிற்கும். கோல சிலாங்கூர் கரையோரத்திலோ இளகிய களிமண். எனவே விரிசலைப் பாருங்கள். மயிரிழை போலப் பூச்சில் மட்டும் ஓடினால் பயமில்லை. சன்னல் மூலையிலிருந்து சாய்வாக, படிக்கட்டு போலக் கிழித்துக்கொண்டு போனால், அல்லது கதவு சட்டத்தில் சிக்கினால், அடித்தளம் அசைந்திருக்கலாம். குடியிருக்கும் வீடானால் விரிசல் முடியும் இடத்தில் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். சில மாதத்தில் கோட்டைத் தாண்டினால் பொறியாளரைக் கூப்பிட வேண்டியதுதான். மரச் சட்டத்தை ஆணியால் குத்திப் பாருங்கள். பொசுக்கென்று உள்ளே போனால் கறையானோ உளுத்தலோ இருக்கிறது.

அடுத்தது நாம் மூச்சு விடும் காற்று. 2005 ஆகஸ்டில் புகைமூட்டம் முற்றி, காற்று மாசுக் குறியீடு 500ஐத் தாண்டியபோது கோல சிலாங்கூரில் அவசரநிலை அறிவித்தார்கள். அந்தப் புகை எல்லார் கண்ணுக்கும் தெரிந்தது. மூடிய அறையில் எரியும் கொசுவத்தியும், புகைபோக்கி இல்லாத விறகடுப்பும் தெரிவதில்லை. ஈரச்சுவரில் பூக்கும் கறுப்புப் பூஞ்சணம் பிள்ளைகளின் இழுப்பைக் கூட்டும். அதைக் காய்ந்த துடைப்பத்தால் தட்டாதீர்கள். மூக்கைக் கட்டிக்கொண்டு, சவர்க்காரத் தண்ணீரில் நனைத்த துணியால் துடையுங்கள். ஈரத்தை நிறுத்தாவிட்டால் அது திரும்ப வரும். பழைய லயத்துக் கூரை ஆஸ்பெஸ்டாஸ் தகடாக இருந்தால் உடைக்கவோ, துளை போடவோ, தேய்க்கவோ கூடாது. அதன் தூசி நுரையீரலுக்குள் போய்ப் பல வருஷம் கழித்துப் புற்றுநோயாக முளைக்கக்கூடும். களைக்கொல்லி டப்பாவும் மருந்தடித்த உடுப்பும் படுக்கும் அறைக்கு வரவே கூடாது.

குறை கண்டால் என்ன செய்வது? வீடமைப்பு நிறுவனத்திடம் வாங்கிய புது வீடானால், சாவி கொடுத்த நாளிலிருந்து 24 மாதத்துக்குள் எழுத்தில் தெரிவியுங்கள். 30 நாளில் தன் செலவில் பழுது பார்ப்பது நிறுவனத்தின் கடமை. பழைய வீட்டுக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. வாங்கிய பிறகு அழுது பயனில்லை. தெரிந்த கொத்தனாரையாவது முன்கூட்டியே அழைத்துப் போங்கள். இன்னும் லயத்தில் இருப்பவர்களோ, "நிர்வாகம் பார்த்துக்கும்" என்று வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டாம். குடியிருப்பை நல்ல நிலையில் வைத்திருப்பது முதலாளியின் கடமை என்கிறது 1990ஆம் ஆண்டின் 446ஆவது சட்டம். ஒழுகும் இடத்தைப் படம் பிடித்து, தேதி போட்டு, கடிதமாக ஆபீசில் கொடுத்து நகலை வைத்துக்கொள்ளுங்கள். அசையாவிட்டால் சங்கத்திடமும் தொழிலாளர் இலாகாவிடமும் போங்கள்.

மீன் வாங்கும்போது செவுளைத் தூக்கிப் பார்க்காமல் நம் பெண்கள் காசு கொடுப்பதில்லை. ஆயுள் உழைப்பைக் கொடுத்து வாங்கும் வீட்டையும் அப்படியே பாருங்கள். மழை வரட்டும். குடையை எடுத்துக்கொண்டு போங்கள்.