விமான மாடலுக்கு ரெசின் பாகங்கள்: வீட்டிலேயே பிரிண்ட் செய்யலாம்

பிளாஸ்டிக் கிட் வாங்கி, பாகங்களை ஒட்டி, பெயின்ட் அடித்து விமான மாடல் செய்வது எனக்குப் பள்ளி நாட்களில் தொடங்கிய பழக்கம். இன்ஜினியரிங் முடித்து சாஃப்ட்வேர் வேலையில் சேர்ந்த பின்னும் விடவில்லை. 1963ல் இந்திய விமானப் படையில் சேர்ந்த மிக்-21, 2025 செப்டம்பர் 26 அன்று சண்டிகரில் விடைபெற்றது. அந்த விமானங்களில் தரைப் பணியாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் என் அப்பா. அன்று டி.வி.யை அணைத்துவிட்டு வெகுநேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தார். அவருக்காக 1/48 அளவில் ஒரு மிக்-21 செய்வது என்று முடிவு செய்தேன். அதில் நான் கற்றுக் கொண்டதை இங்கு பகிர்ந்து கொள்கிறேன்.

ரெசின் எதற்கு?

கிட்டில் வரும் பாகங்கள் இரண்டாகப் பிரியும் எஃகு அச்சில் தயாராகின்றன. பாகம் சிக்காமல் வெளியே வர வேண்டும் என்பதால், உள்வளைந்த பள்ளங்களையும் மெல்லிய பெல்ட்டுகளையும் அதில் கொண்டு வருவது கடினம். ரெசின் பாகங்களை வளையக்கூடிய சிலிக்கான் ரப்பர் அச்சில் வார்க்கிறார்கள். எனவே நுணுக்கங்கள் அப்படியே வருகின்றன. செக் நாட்டைச் சேர்ந்த எட்வார்ட், ஏரிஸ் போன்ற நிறுவனங்கள் இவற்றைத் தனியே விற்கின்றன. பைலட் சீட், சக்கரம், எக்ஸாஸ்ட் குழாய் போன்றவை அதிகம் விற்பனையாகும் பாகங்கள். இப்போது 3டி பிரிண்டர் இருந்தால் இவற்றை நாமே தயாரிக்கலாம்.

பிரிண்டர் எப்படி வேலை செய்கிறது?

ரெசின் பிரிண்டரில் ஒரு எல்.சி.டி. திரை உண்டு. அதன் கீழிருந்து 405 நானோமீட்டர் ஒளி வருகிறது. திரையில் எந்த பிக்ஸல் வழியே ஒளி செல்கிறதோ, அதன் மேலுள்ள திரவ ரெசின் மட்டும் கெட்டியாகிறது. ஒரு அடுக்கு முடிந்ததும் தட்டு சற்று மேலே எழும்பி, அடுத்த அடுக்கு உருவாகிறது. ஒரு அடுக்கின் கனம் 0.05 மி.மீ. என்றால், 30 மி.மீ. உயரத்திற்கு 600 அடுக்குகள். ஒவ்வொன்றிற்கும் 8 விநாடி ஆனால் மொத்தம் 80 நிமிடம். ஒரே தட்டில் நான்கு சீட் வைத்தாலும் நேரம் கூடாது; உயரம் மட்டுமே கணக்கு.

அளவில் கவனம்

பைல்கள் பெரும்பாலும் எஸ்.டி.எல். வடிவில் கிடைக்கும். இந்த பைலில் எண்கள் மட்டுமே இருக்கும், அவை மி.மீ.யா, அங்குலமா என்ற தகவல் இருக்காது. அங்குலத்தில் வரைந்ததை ஸ்லைசர் புரோகிராம் மி.மீ. என்று எடுத்துக் கொண்டால், பாகம் 25.4 மடங்கு சிறுத்துவிடும். எனவே பைலைத் திறந்தவுடன் நீள அகலங்களைச் சரிபார்க்கவும்.

1/72 அளவு பைலை 1/48 ஆக மாற்ற 72ஐ 48ஆல் வகுத்தால் 1.5. அதாவது ஸ்கேலில் 150 சதவீதம் கொடுக்க வேண்டும். மாறாக, பெரியதைச் சிறிதாக்கும்போது எச்சரிக்கை தேவை. 1/48ல் 0.2 மி.மீ. உள்ள கைப்பிடி 1/72ல் 0.13 மி.மீ. ஆகிவிடும். பிக்ஸல் அளவு 0.047 மி.மீ. உள்ள பழைய பிரிண்டரில் இது மூன்று பிக்ஸல் கூட இல்லை. சப்போர்ட்டை எடுக்கும்போதே ஒடிந்துவிடும்.

பிரிண்ட் செய்யும் முறை

1. லைச்சி அல்லது சிடுபாக்ஸ் ஸ்லைசரில் பைலைத் திறந்து, பாகத்தைச் சற்றுச் சாய்வாக வைக்கவும்.

2. சப்போர்ட்டுகளைக் கண்ணுக்குத் தெரியாத பக்கத்தில் அமைக்கவும். சீட் என்றால் அடியிலும் முதுகிலும்.

3. பிரிண்ட் ஆனதும் ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் சில நிமிடம் அலசவும். அதிலேயே ஊறப் போட வேண்டாம். பாகம் உப்பி விரிசல் விடும்.

4. வெதுவெதுப்பான நீரில் காட்டினால் சப்போர்ட்டுகள் இளகும். அப்போது அவற்றை எடுத்துவிட்டு, நன்கு உலர்த்திய பின் யு.வி. ஒளியில் வைத்து முழுமையாகக் கெட்டியாக்கவும்.

திரவ ரெசினை வெறும் கையால் தொடக் கூடாது. நைட்ரில் கையுறை கட்டாயம். முதலில் ஒன்றும் ஆகாதது போலிருக்கும். பலமுறை பட்ட பின் தோல் அலர்ஜி தொடங்கினால் பிறகு விடாது. கழுவிய திரவத்தை சிங்க்கில் கொட்டாதீர்கள். கெட்டியான ரெசினைத் தேய்க்கும்போது ஈரமாக்கித் தேய்க்கவும், மாஸ்க் அணியவும். அந்தத் தூள் நுரையீரலுக்கு ஆகாது.

ஒட்டும்போது

பிளாஸ்டிக் சிமென்ட் கிட்டின் பாலிஸ்டைரீனைக் கரைத்து ஒட்டுகிறது. ரெசினில் அது பலிக்காது. சூப்பர் குளூ அல்லது எபாக்ஸிதான் பயன்படுத்த வேண்டும். வாலில் ரெசின் எக்ஸாஸ்ட் வைத்தால் எடை கூடி மூக்கு மேலே தூக்கிக் கொள்ளும். உடலின் இரு பாதிகளையும் மூடும் முன்பே மூக்கில் ஈயக் குண்டு வைத்துவிடவும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, பசை இல்லாமல் ஒருமுறை பொருத்திப் பாருங்கள். நான் பார்க்கவில்லை. சீட்டின் அடியில் சப்போர்ட்டின் மிச்சம் ஒரு மி.மீ. இருந்தது. ஒரு மி.மீ. தானே என்று ஒட்டிவிட்டேன். அப்பா மாடலைக் கண்ணுக்கு நேரே தூக்கிப் பார்த்தார். "இதுல பைலட் உக்காந்தா தலை கேனோபியில இடிக்கும்டா" என்றார். கணக்குப் போட்டேன். 1/48ல் ஒரு மி.மீ. என்றால் நிஜ விமானத்தில் 48 மி.மீ.; கிட்டத்தட்ட ஐந்து செ.மீ. கண்ணாடி மூடியை வைத்துப் பார்த்தால், மூடவே இல்லை.

சீட்டைப் பெயர்த்தபோது அது உடைந்தது. கிட்டின் பாகமாக இருந்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். பைல் கையில் இருந்ததால் அன்றிரவே இன்னொன்று பிரிண்ட் செய்தேன். இந்த முறை அடிப்பகுதியைத் தட்டையாகத் தேய்த்து, மூடியை வைத்துப் பார்த்த பிறகே பசையைத் தொட்டேன்.

ஒரு வார்த்தை: காசு கொடுத்து வாங்கும் பைல்கள் பெரும்பாலும் சொந்த உபயோகத்திற்கு மட்டுமே. பிரிண்ட் செய்து விற்கும் முன் லைசென்ஸைப் படித்துவிடுங்கள்.

மாடலை முடித்து அப்பாவின் மேஜையில் வைத்தேன். "சீட்டுக்கு சேஃப்டி பின் எங்கே? விமானம் தரையில நிக்கும்போது சிவப்பு ரிப்பனோட பின் மாட்டியிருக்கணும். அதை சரிபார்க்காம நாங்க நகர மாட்டோம்" என்றார். பிறகு ஒரு மணி நேரம் பேசிக் கொண்டே இருந்தார். 0.1 மி.மீ. செம்புக் கம்பியும் சிவப்பு அடித்த துண்டுக் காகிதமும் போதும். அதற்குப் பிரிண்டர் தேவையில்லை.