மலைப்பாதையின் பல்லும் வீட்டு மோடமும்

மேட்டுப்பாளையத்தினின்று உதகமண்டலத்திற்கு இருப்புப்பாதை வழியாய் ஏறினோர், கல்லாற்றிற்கும் குன்னூருக்கும் இடையே தண்டவாளங்களின் நடுவில் பற்கள் வெட்டிய இரும்புப் பட்டைகள் செல்வதைக் கண்டிருப்பர். எஞ்சினின் அடியிலுள்ள பற்சக்கரம் அவற்றைக் கவ்வியே மலையேறுகின்றது. சுவிட்சர்லாந்து தேசத்தவராகிய ரோமன் ஆப்ட் என்பார் 1882-இல் காப்புரிமை பெற்ற முறை இது. 1899-இல் குன்னூர்வரை ரயில் ஓடலாயிற்று. அக்காப்புரிமை காலங்கடந்து நெடுநாளாயிற்று. ஆயினும் இந்நூற்றாண்டில் பொன்மலைப் பட்டறையிற் செய்த புது எஞ்சினும் அப்பழைய பல்லின் அளவிற்கே சக்கரம் கொள்ளவேண்டியதாயிற்று.

தொலைபேசிக் கம்பி வழியே வீட்டிற்கு விரைவான இணையத்தைக் கொணர்ந்த மோடமும் இத்தகையதே. கம்பியின் மறுமுனையில், தொலைபேசி நிலையத்திலுள்ள கருவியோடு அது பல்லுக்குப் பல் பொருந்தல் வேண்டும்.

மனிதர் பேச்சு, நொடிக்கு 4,000 அதிர்வுகளுக்கு உட்பட்ட இடத்தில் அடங்கிவிடும். அதற்குமேல் சுமார் 11 இலட்சம் அதிர்வுவரை கம்பியில் இடம் வெறுமையாய்க் கிடந்தது. அதனைப் பயன்படுத்த இரு முறைகள் போட்டியிட்டன. ஒன்று, ஒரே அகன்ற அலையில் செய்தியை ஏற்றுவது, 'கேப்' என்பர். மற்றொன்று, அவ்விடத்தை 256 குறுகிய கீற்றுகளாய்ப் பகுத்து, ஒவ்வொன்றிலும் சிறிது சிறிதாய் ஏற்றுவது; இது 'டி.எம்.டி.' எனப்படும். 1993-இல் அமெரிக்காவில் நடந்த சோதனையில் பின்னதே வென்றது. 1995-இல் அந்நாட்டுப் பொதுவிதியாயிற்று. 1999-இல் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியமும் அதனை ஏற்றது. அதற்குள் 'கேப்' மோடங்கள் பல வீடுகளில் அமர்ந்துவிட்டன. அவை புதுமுறைக் கருவியோடு ஒரு சொல்லும் பேசமாட்டா.

வென்ற முறையின் சிறப்பு யாதெனில், பேசத் தொடங்குமுன் அது ஒவ்வொரு கீற்றையும் சோதித்துப் பார்க்கும். தெளிவான கீற்றில் மிகுதியாய் ஏற்றும். இரைச்சல் மிக்கதை விட்டுவிடும். கம்பி நீள நீள உயர்ந்த அதிர்வுகளே முதலில் மங்கும். ஐந்து கிலோமீட்டருக்கு அப்பால் பெரும்பாலும் பயனில்லை. நிலையத்தினின்று தொலைவிலுள்ள தேயிலைத் தோட்டத்து வீட்டார் விளம்பர வேகத்தைக் காணாமைக்குக் காரணம் இதுவே. மோடத்தைப் பழிப்பதிற் பயனில்லை.

இனி, உரிமைச் சிக்கல். பொதுவிதியைப் பின்பற்றுவோர், அதனுள் அடங்கிய பிறர் கண்டுபிடிப்பைப் பயன்படுத்தாமல் இருக்க முடியாது. டி.எம்.டி. முறையை வளர்த்தவர்களுள் முதன்மையானவர் ஸ்டான்ஃபோர்டுப் பேராசிரியர் ஜான் சியாஃபி. அவர் நிறுவிய அமாட்டி என்னும் கம்பெனியை, சுமார் 39½ கோடி டாலர் கொடுத்து டெக்சாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் கம்பெனி வாங்க 1997-இல் ஒப்பந்தமாயிற்று. பொதுவிதியில் இடம்பெற்ற காப்புரிமையின் மதிப்பு அத்தகையது! உரிமையாளர் இலவசமாகவேனும், நியாயமான நிபந்தனைகளில் பாரபட்சமின்றியேனும் அனுமதி தரல்வேண்டும் என்பது ஒன்றியத்தின் நெறி. மறுப்பாராயின் அவர் பொருளை விதியிற் சேர்ப்பதில்லை. ஆனால் 'நியாயம்' எவ்வளவு என்பதை ஒன்றியம் அளந்து சொல்வதில்லை. அது இரு தரத்தாரின் பேரத்திற்கு விடப்பட்டது. பொதுச்சாலையில் தனியார் சுங்கம் போன்றதே இது. சுங்கம் ஈற்றில் பெட்டியின் விலையிலேறி வாங்குவோர் தலையில் விழும்.

எனினும், பொதுவிதியின்றேல் இதனினும் இன்னல். 2005 ஜனவரியில் பி.எஸ்.என்.எல். இச்சேவையைத் தொடங்கியபோது, சந்தாதாரர் கடையில் வேறொரு கம்பெனியின் மோடத்தை வாங்கி மாட்டவும் இயன்றது. ஒரே விதிநூலை இரு கம்பெனிகள் இருவிதமாய்ப் பொருள் கொண்டமையால் இணைப்பு அறுபடுவதும் உண்டு; அதனாலேயே உற்பத்தியாளர்கள் தத்தம் பெட்டிகளை ஓரிடத்திற் கூட்டிப் பொருத்திப் பார்க்கலாயினர்.

இப்பொழுது செப்புக் கம்பியின் இடத்தைக் கண்ணாடி இழை கைப்பற்றி வருகின்றது. அதன் நுனியிலுள்ள பெட்டிக்கும் வேறு விதிநூல் உண்டு. வேறு காப்புரிமைகளும் உண்டு.