அப்பப்போ நிற்கிற லாரி: கம்ப்யூட்டர் கோளாறா, எர்த் கோளாறா?

இந்த எபிசோடுல சர்வர் இல்ல, லாரி. ப்ரொடக்‌ஷன்ல மட்டும் தலைகாட்டி, நாம பார்க்க உட்கார்ந்ததும் மாயமாகிற பக் இருக்கே, அதே ரகக் கோளாறு எண்ணூர் ரோட்டுல கன்டெய்னர் இழுக்கிற வண்டிகள்லயும் வருது. நமக்கு அதனால ஒரு ராத்திரி தூக்கம் போகும். லாரிக்காரருக்கு ட்ரிப் போகும், இஎம்ஐ தள்ளிப்போகும்.

எண்ணூர் அசோக் லேலண்ட் தொழிற்சாலை இருக்கிற ஊர். டீசல் பம்ப் சத்தத்தை வைச்சே நோய் சொல்ற மெக்கானிக்குகள் இந்தப் பக்கம் நிறைய. ஆனா 2017 ஏப்ரல் 1 முதல் நாடு முழுக்க பிஎஸ்4 கட்டாயமானதும், பல லாரிகள்ல டீசலை எப்போ, எவ்வளவு பீச்சணும்னு முடிவு பண்ற வேலை ஈசியூ கைக்குப் போயிடுச்சு. 2020 ஏப்ரல்ல பிஎஸ்6 வந்தாச்சு. அந்த பிஎஸ்4 வண்டிகள்தான் இப்போ பழைய வண்டி, பல இடத்துல இரண்டாவது ஓனர் கையில.

அப்படி ஒண்ணு, 2018 மாடல் டிரெய்லர். ஓனரே டிரைவர், திருவொற்றியூர்க்காரர். "தம்பி, நீ கம்ப்யூட்டர் படிச்சவன்தானே, இதுவும் கம்ப்யூட்டர்தான், வந்து பாரு"ன்னார். ஹைவேயில வண்டி ஜோரா ஓடும். துறைமுக கேட் கியூவுல ஊர்ந்து போகும்போது திடீர்னு ஆஃப். கொஞ்ச நேரம் கழிச்சு செல்ஃப் அடிச்சா எதுவுமே நடக்காத மாதிரி ஓடும். ஒரு ஒர்க்‌ஷாப்புல ஈசியூ போச்சு, மாத்தணும்னு சொல்லிட்டாங்க. அந்தத் தொகை அவருக்கு மூணு மாச இஎம்ஐ.

ஸ்கேனர் போட்டவங்க வழக்கமா முதல்ல பண்றது கோடுகளை அழிக்கிறது. தயவுசெஞ்சு வேண்டாம். அது லாகை டெலிட் பண்ணிட்டு டீபக் பண்ண உட்கார்ற மாதிரி. கனரக வண்டிகள்ல ஜே1939னு ஒரு தகவல் முறை இருக்கு. அதுல ஒவ்வொரு கோடுலயும் மூணு விஷயம்: எந்த பாகம், என்ன மாதிரி கோளாறு, எத்தனை தடவை. எஃப்எம்ஐ 3ன்னா வோல்டேஜ் அதிகம், 4ன்னா குறைவு, 5ன்னா சர்க்யூட் அறுந்திருக்கு, 2ன்னா ரீடிங் தாறுமாறா வந்து போகுது. 'எத்தனை தடவை'க்கு ஏழு பிட். 126 வரை எண்ணும். எனக்குப் பிடிச்ச பகுதியே அதுதான்.

இந்த வண்டியில இன்ஜின் ஸ்பீடு, ரெயில் பிரஷர், பூஸ்ட் பிரஷர் மூணுக்கும் எஃப்எம்ஐ 2. ஒரே ஒரு சென்சார் கோடுன்னா அந்த சென்சாரையும் அதோட வயரையும் பார்க்கலாம். சம்பந்தமில்லாத மூணு சென்சார் ஒரே நேரத்துல பைத்தியமாகாது. அந்த மூணுக்கும் பொதுவானது எது? சப்ளை, எர்த், சென்சார்களுக்கு ஈசியூ கொடுக்கிற 5 வோல்ட். பட்டியல் கடைசியில 'பேட்டரி வோல்டேஜ் குறைவு'ன்னு நாலாவது கோடு. அதிக தடவை பதிவானது அதுதான். அதைப் பார்த்துதான் யாரோ ஏற்கனவே பேட்டரியை மாத்தியிருக்காங்க!

"சப்ளை செக் பண்ணியாச்சு, 24 வோல்ட் வருது"ன்னு அடிச்சுச் சொன்னாங்க. மல்டிமீட்டர் இங்கதான் நம்மை ஏமாத்தும். மீட்டர் இழுக்கிற கரன்ட் கிட்டத்தட்ட பூஜ்யம். துருப்பிடிச்ச இணைப்புல 2 ஓம் தடை இருந்தாலும் மீட்டருக்கு முழு 24 தெரியும். அதுக்குப் பதிலா கீ ஆஃப் பண்ணி, ஈசியூ கப்ளரைக் கழட்டி, சப்ளை பின்னுக்கும் எர்த் பின்னுக்கும் நடுவுல 70 வாட் ஹெட்லைட் பல்பைக் கொடுங்க. பல்போட தடை சுமார் 8 ஓம். அதே 2 ஓம் இணைப்பு இப்போ 4.7 வோல்டை முழுங்கிடும், பல்ப் மங்கும். ஐடில்ல ஓடுற சர்வரை பிங் பண்ணிப் பார்க்கிறதுக்கும் லோட் டெஸ்ட் பண்றதுக்கும் உள்ள வித்தியாசம்தான்.

எங்க எலக்ட்ரீஷியன் அண்ணன் பல்ப் போட்டார், பிரகாசமா எரிஞ்சுது. சரி, நிக்கிற வண்டியில கோளாறு இல்ல, ஆடுற வண்டியில இருக்கு. கப்ளரை மறுபடி மாட்டி இன்ஜினை ஸ்டார்ட் பண்ணி, மீட்டரோட ஒரு முனையை ஈசியூ எர்த் பின்லயும் இன்னொண்ணை பேட்டரி நெகட்டிவ்லயும் வைச்சார். 0.05 வோல்ட். அப்புறம் ஹார்னஸை கைப்பிடி கைப்பிடியா அசைச்சுக்கிட்டே போனார். சேசிஸ்ல எர்த் போல்ட் கிட்ட வந்ததும் மீட்டர் 9, 12ன்னு குதிச்சுது. இன்ஜின் இருமி, நின்னுடுச்சு. கழட்டினா, ரிங்கு டெர்மினலுக்கு அடியில பெயின்ட், அதுக்கு அடியில துரு. கியூவுல மட்டும் ஏன் நின்னுச்சு? ஐட்லிங்லதான் சேசிஸ் அதிகமா உதறும். தேய்ச்சு, புது டெர்மினல் போட்டு, இறுக்கி, கிரீஸ் தடவினதோட முடிஞ்சுது. ஈசியூ அப்படியே இருக்கு.

கடலோர வண்டிகளுக்கு இன்னும் ரெண்டு சங்கதி. வயர்ல ஊசி குத்தி டெஸ்ட் பண்ற பழக்கம் இங்க நிறைய. உப்புக்காத்துல அந்த ஓட்டை வழியா ஈரம் போய் செம்பு பச்சையாகும், ஆறு மாசத்துல நீங்களே ஒரு புது கோளாறை உருவாக்கியிருப்பீங்க. கப்ளரோட பின்பக்கமா மெல்லிய பின் விட்டுப் பாருங்க. 2023 டிசம்பர் மிக்ஜாம் வெள்ளத்துல முழுகின வண்டின்னா வெளிப்பக்கம் காய்ஞ்சதை நம்பாதீங்க. வயரோட இழைகளுக்கு நடுவுல தண்ணி திரி மாதிரி ஏறி கப்ளருக்குள்ள போயிருக்கும், கோளாறு மாசக்கணக்குல கழிச்சு வரும். டிரெய்லர்ல வெல்டிங் வைக்கும்போது பேட்டரியையும் ஈசியூ கப்ளரையும் கழட்டச் சொல்லுங்க. இதை மட்டும் கெஞ்சியாவது சொல்லுங்க.

ஓனர் அண்ணன் இப்போ டீசல் கணக்கு நோட்டுலயே இன்னொரு பக்கம் ஆரம்பிச்சிருக்கார்: வண்டி எங்க நின்னுச்சு, சூடு எவ்வளவு, லோடா காலியா, மழையா. இதுவரைக்கும் அந்தப் பக்கத்துல தலைப்பு மட்டும்தான் இருக்கு.