படியளப்பவனே நடுவனா?

காற்றிலே நஞ்சு கலந்திருக்கிறதா என்று கண்டு சொல்ல வேண்டியவர் யார்? பல்கலைக் கழகத்து வேதியல் அறிஞர். அவருக்குக் கருவி வேண்டும், ஆய்வுக்கூடம் வேண்டும், உதவியாளருக்குச் சம்பளம் வேண்டும். பணம் தருபவர் யார்? பணத்தோடு சேர்த்து அவர் கேட்டுப் பெறுகிற உரிமை எது? தோழர்களே, "ஆராய்ச்சி நிர்வாகம்" என்று அறிக்கையிலே அச்சிட்டிருந்தால் தூக்கம் வருகிற விஷயந்தான் இது. ஆனால் பாட்டாளியின் நுரையீரலும் அவன் பிள்ளையின் மூளையும் இதிலே அடங்கிக் கிடக்கின்றன!

1924 அக்டோபர். அமெரிக்காவில், நியூஜெர்சி மாநிலத்துப் பேவே என்ற ஊரிலே, ஸ்டாண்டர்டு ஆயில் கம்பெனியின் ஆலை. பெட்ரோலில் சேர்க்கும் ஈயத் திரவத்தை அங்கே தயாரித்தார்கள். தயாரித்த தொழிலாளர் சித்தம் கலங்கினர், பிதற்றினர், கட்டிப்போட வேண்டிய நிலைக்கு ஆளாயினர். ஐந்து பேர் மாண்டனர். ஊர் கொதித்தது, ஏடுகள் எழுதின, 1925 மே மாதம் வாஷிங்டனில் அரசாங்கமே மாநாடு கூட்டிற்று. முடிவு? தடை இல்லை!

தொடர்ந்து ஆராய வேண்டும் என்றனர். ஆராய்ந்தது யார்? சின்சினாட்டி பல்கலைக் கழகத்திலே 1930இல் எழுந்தது கெட்டரிங் ஆய்வுக்கூடம். கெட்டரிங் யார்? ஈயத் திரவத்தை விற்ற எதைல் கம்பெனியின் முதல் தலைவர்! ஆய்வுக்கூடத்தின் இயக்குநர் டாக்டர் ராபர்ட் கெஹோ. அதே கம்பெனிக்கு மருத்துவ ஆலோசகரும் அவரே. பணம் எதைல், டூபாண்ட், ஜெனரல் மோட்டார்ஸ் கொடுத்தது. ஒப்பந்தத்திலே ஒரு நிபந்தனை: ஆய்வுரை அச்சேறுமுன் பணம் கொடுத்தவர் பார்வைக்குப் போக வேண்டும், அவர் திருத்தம் சொல்லலாம்! பரீட்சை எழுதிய மாணவனிடமே விடைத்தாளைக் கொடுத்து மதிப்பெண் போடச் சொல்வதுண்டா?

ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள், ஈயம் பற்றிய பேச்சென்றால் அந்தக் கூடத்தின் பேச்சே வேதவாக்கு. உடலில் ஈயம் இருப்பது இயற்கை, ஓர் அளவு வரை தீங்கில்லை என்றது அது. அறிஞர் பொய் சொன்னார் என்று நாம் சொல்லவில்லை. மாற்றுக் கணக்குப் போட மற்றொரு கூடத்துக்குக் காசில்லை, அவ்வளவுதான்.

கலிபோர்னியாவிலே கிளேர் பாட்டர்சன் என்ற அறிஞர் போட்டார் அந்தக் கணக்கை. பூமியின் வயதை அளந்து சொன்னவர். அமெரிக்கர் உடலில் ஏறிய ஈயம் இயற்கை அளவைப் போல் நூறு மடங்கு என்று 1965இல் எழுதினார். பரிசு? எண்ணெய்க் கம்பெனிகள் சங்கம் தந்துவந்த ஆய்வு உதவி நின்றது. 1971இல் காற்றிலுள்ள ஈயத்தை ஆராயக் குழு அமைத்தபோது, அவருக்கு அதிலே நாற்காலி இல்லை! சாலை வண்டிகளுக்கு ஈயப் பெட்ரோலை அமெரிக்கா அறவே ஒழித்தது 1996இல். இந்தியாவிலே 2000இல். உலகின் கடைசி நாடாக அல்ஜீரியா நிறுத்தியது 2021இல். இடையிலே எத்தனை கோடிக் குழந்தைகள் அந்தப் புகையைக் குடித்தார்கள்!

முதலாளி பணமே கூடாதா என்று கேட்பீர்கள். விதி சரியாக இருந்தால் அந்தப் பணத்தையும் வேலை வாங்கலாம். 1980இல் தோன்றிய உடல்நல விளைவுகள் ஆய்வுக் கழகத்தைப் பாருங்கள். பாதிப் பணம் அரசாங்கத்தின் சுற்றுச்சூழல் துறை, பாதிப் பணம் மோட்டார் கம்பெனிகள். ஆனால் ஆட்சிக் குழுவிலே இருவருக்கும் இடமில்லை. பல பல்கலைக் கழகங்களிலிருந்து ஆய்வுகளைத் தேர்ந்தெடுப்பது ஒரு குழு, முடிந்ததும் உரசிப் பார்ப்பது வேறொரு குழு. முடிவு கசந்தாலும் இனித்தாலும் வெளியிட்டே தீரவேண்டும். முதல் தலைவர் யார் தெரியுமா? ஆர்ச்சிபால்ட் காக்ஸ்! ஒலிநாடாவைக் கொடு என்று அதிபர் நிக்சனிடமே கேட்டு, 1973இல் அதற்காகவே பதவி பறிக்கப்பட்டவர்.

பல பல்கலைக் கழகங்கள் கூடி அமைக்கும் எந்த ஆராய்ச்சிக் கூட்டமைப்பானாலும், அதன் விதிநூலில் இந்தப் பக்கங்களைத்தான் முதலில் புரட்ட வேண்டும் என்கிறோம்.

இந்தக் கழகத்துக்கும் சோதனை வந்தது. நுண்தூசி மிகுந்த நகரில் சாவு மிகுதி என்று ஹார்வார்டு அறிஞர்கள் ஆறு நகரங்களை ஆராய்ந்து 1993இல் சொன்னார்கள். தொழிலதிபர்கள் சீறினார்கள், கணக்கைக் காட்டு என்றார்கள். கணக்கு முழுவதும் இந்தக் கழகத்தின் கைக்கு வந்தது. ஹார்வார்டோடு தொடர்பில்லாதவர்கள் முதலிலிருந்து போட்டுப் பார்த்தார்கள். 2000இல் அறிக்கை வந்தது, மோட்டார் கம்பெனிகளின் பணமும் சேர்ந்து அச்சிட்ட அறிக்கை: ஹார்வார்டு சொன்னது சரி!