தன் வேடத்தைத் தானே கட்டிய நாயகன்

2015 ஜூலை மாதம். அமெரிக்காவின் சான் டியாகோ நகரில் காமிக்ஸ் ரசிகர் திருவிழா நடந்துகொண்டிருந்தது. 1970-ல் சிறு கூட்டமாகத் தொடங்கிய விழா அது. இன்று ஆண்டுதோறும் லட்சம் பேருக்கு மேல் திரள்கிறார்கள். குலசை தசராவில் நம் மக்கள் வேடம் கட்டி வருவார்கள் அல்லவா? அதுபோல அங்கே ரசிகர்கள் தங்களுக்குப் பிடித்த காமிக்ஸ் நாயகரின் வேடத்தில் வருவார்கள். ஒருவர் சூப்பர்மேன், இன்னொருவர் பேட்மேன், அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு வரும் குழந்தை ஸ்பைடர்மேன்.

அந்த நெரிசலுக்குள் 75 வயதுக் கறுப்பினப் பெரியவர் ஒருவர் நடந்து வந்தார். வெளிர் நிறத்தில் நீண்ட கோட்டு. முதுகில் ஒரு பை. இது எந்த நாயகனின் வேடம்?

அவர் கட்டியிருந்தது அவருடைய வேடத்தைத்தான். 50 ஆண்டுகளுக்கு முன்பு, 25 வயது இளைஞராக அவர் எப்படி ஒரு பாலத்தின் மீது நடந்தாரோ, அப்படியே வந்திருந்தார். பெயர் ஜான் லூயிஸ். அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர். ‘மார்ச்’ என்ற காமிக்ஸ் நூல் வரிசையின் ஆசிரியர்களில் ஒருவர்.

பாலத்தில் தொலைந்த பை

அலபாமா மாநிலத்தில் வாரத்துக்கு உழுத ஏழைக் குடும்பத்தில் 1940-ல் பிறந்தவர் லூயிஸ். அந்த மாநிலத்தில் கறுப்பின மக்களுக்கு வாக்குரிமை உண்டு என்று சட்டம் சொன்னது. ஆனால் பெயரைப் பதியப் போனால் எழுத்தறிவுத் தேர்வு என்பார்கள், இன்று அலுவலகம் மூடியாகிவிட்டது என்பார்கள். மீறிக் கேட்டால் வேலை போகும். உயிரும் போகலாம்.

இதை எதிர்த்து 1965 மார்ச் 7 அன்று செல்மா நகரிலிருந்து தலைநகர் மாண்ட்கோமரிக்கு சுமார் 600 பேர் நடக்கத் தொடங்கினார்கள். இருவர் இருவராக, அமைதியாகச் சென்ற அந்த வரிசையின் முன்னால் இருந்தவர், மாணவர் போராட்ட அமைப்பு ஒன்றின் தலைவராக இருந்த லூயிஸ். கடக்க வேண்டிய பாலத்துக்கு எட்மண்ட் பெட்டஸ் என்று பெயர். அடிமை முறையைக் காக்கப் போரிட்ட படையின் தளபதி அவர். கூ கிளக்ஸ் கிளான் என்ற வெள்ளை வெறிக் கூட்டத்தின் தலைவர்களில் ஒருவர்.

பாலத்தின் மறுபக்கம் போலீஸ் நின்றது. தடியடி, கண்ணீர்ப்புகை, கூட்டத்துக்குள் பாய்ந்த குதிரைகள். லூயிஸின் மண்டை உடைந்தது.

அன்று அவர் முதுகுப் பையில் இருந்தவை இரண்டு புத்தகங்கள், ஒரு ஆப்பிள், ஒரு ஆரஞ்சு, பல் துலக்கும் பிரஷ், பேஸ்ட். எப்படியும் சிறையில் போடுவார்கள், அங்கே படிக்க ஏதாவது வேண்டும், பசிக்கு ஏதாவது வேண்டும், காலையில் பல் துலக்க வேண்டும் என்பது அவர் கணக்கு. சிறைக்குத் தயாராக வந்தவரை மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். பை அன்றோடு தொலைந்தது.

அந்தக் காட்சியைத் தொலைக்காட்சியில் கண்டு நாடு அதிர்ந்தது. ஐந்தே மாதங்களில், ஆகஸ்ட் 6-ல் வாக்குரிமைச் சட்டம் கையெழுத்தானது.

பத்து சென்ட் புத்தகம்

சரி, இத்தனை பெரிய தலைவருக்கும் காமிக்ஸுக்கும் என்ன தொடர்பு? நம்மில் பலருக்கு காமிக்ஸ் என்றால் இரும்புக்கை மாயாவி. பாடப் புத்தகத்துக்குள் ஒளித்து வைத்துப் படித்து அடி வாங்கிய நினைவு.

லூயிஸின் இளமையிலும் ஒரு காமிக்ஸ் உண்டு. மார்ட்டின் லூதர் கிங் தலைமையில் மாண்ட்கோமரியில் நடந்த பேருந்துப் புறக்கணிப்புப் போராட்டத்தைப் படக்கதையாகச் சொன்ன புத்தகம் அது. 1957-ல் ஒரு சமாதான இயக்கம் அதை வெளியிட்டது. விலை 10 சென்ட். அடிக்கு அடி கொடுக்காமல், பயந்து ஓடாமல், கூட்டாக எப்படி எதிர்ப்பது என்று அதன் கடைசிப் பக்கங்கள் படிப்படியாகச் சொல்லிக் கொடுத்தன. பெரிய நூல்கள் எட்டாத வீடுகளுக்கு இந்த மெல்லிய புத்தகம் போனது. நாஷ்வில் நகரில் லூயிஸுக்கும் மற்ற மாணவர்களுக்கும் அறப்போர்ப் பயிற்சி கொடுத்த ஜேம்ஸ் லாசன், இந்தியாவில் நாக்பூரில் சில ஆண்டுகள் வாழ்ந்து சத்தியாகிரகத்தைப் படித்துவிட்டுப் போனவர். 1960-ல் அந்த மாணவர்கள் உணவகங்களில் கறுப்பினருக்கு மறுக்கப்பட்ட நாற்காலிகளில் போய் உட்கார்ந்தார்கள். 1960-களில் மட்டும் லூயிஸ் 40 முறை கைதானார்.

கேலி செய்தவர்களுக்குப் பதில்

2008 தேர்தல் வேலையின்போது நடந்தது இது. தேர்தல் முடிந்ததும் யார் யார் எங்கே போகப் போகிறீர்கள் என்று லூயிஸின் ஊழியர்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். ஆண்ட்ரூ ஐடின் என்ற இளைஞர், நான் காமிக்ஸ் விழாவுக்குப் போகிறேன் என்றார். எல்லோரும் சிரித்தார்கள். லூயிஸ் சிரிக்கவில்லை. சிரிக்காதீர்கள், எங்கள் இயக்கத்திலும் ஒரு காமிக்ஸ் இருந்தது, அது பெரிய வேலை செய்தது என்றார்.

ஐடின் அதைத் தேடிப் பிடித்துப் படித்தார். பிறகு விடாமல் கேட்கத் தொடங்கினார்: ஐயா, உங்கள் கதையை நீங்கள் ஏன் காமிக்ஸாக எழுதக் கூடாது? நீயும் சேர்ந்து எழுதுவதென்றால் எழுதுகிறேன் என்று கடைசியில் லூயிஸ் ஒப்புக்கொண்டார். நேட் பவல் கறுப்பு வெள்ளையில் வரைந்தார். ‘மார்ச்’ மூன்று பாகங்களாக 2013, 2015, 2016 ஆண்டுகளில் வெளிவந்தது.

2013 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு சொன்னது. இனப்பாகுபாட்டுப் பழக்கமுள்ள மாநிலங்கள் வாக்களிப்பு விதிகளை மாற்றும் முன் மத்திய அரசின் அனுமதியைப் பெற வேண்டும் என்பது வாக்குரிமைச் சட்டத்தின் முதுகெலும்பு. எந்தெந்த இடங்களுக்கு அது பொருந்தும் என்று சொன்ன பிரிவை ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் நீதிபதிகள் செல்லாது என்றார்கள். வழக்குத் தொடுத்தது லூயிஸ் பிறந்த அதே அலபாமாவின் ஷெல்பி மாவட்டம். மண்டை உடைந்து வாங்கிய சட்டம் கண் முன்னே வலுவிழந்து ஒரு மாதம்கூட ஆகாத நிலையில்தான் லூயிஸ் முதல்முறையாக சான் டியாகோ விழாவுக்குப் போனார். வெற்றி பெற்ற கதையைச் சொல்லிக் கைதட்டல் வாங்கப் போனவர் அல்ல அவர். போராட்டம் முடியவில்லை, அடுத்த ஆட்கள் தேவை என்று தெரிந்து போனவர்.

2015-ல் வேடம் கட்டி வந்தபோது, உரை முடிந்ததும் பள்ளிப் பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொண்டு அரங்குகளின் நடுவே நடந்தார். பின்னால் கூட்டம் சேர்ந்தது. முகமூடி நாயகர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். 2016-லும் அப்படியே ஒரு நடை. அந்த ஆண்டு அதே விழாவில், காமிக்ஸ் உலகின் உயர்ந்த விருதான ஐஸ்னர் விருது இரண்டாம் பாகத்துக்குக் கிடைத்தது.

நூலகத்தின் வாசலில்

2016 நவம்பரில் மூன்றாம் பாகத்துக்கு அமெரிக்காவின் தேசியப் புத்தக விருது. மேடையில் லூயிஸ் கண்கலங்கினார். 1956-ல், 16 வயதில், உடன்பிறந்தவர்களோடு ஊர் நூலகத்துக்குப் போய் உறுப்பினர் அட்டை கேட்டதையும், நூலகம் வெள்ளையருக்கு மட்டும்தான் என்று திருப்பி அனுப்பப்பட்டதையும் சொன்னார். 1998-ல் அதே நூலகம் அவரை அழைத்து அட்டை கொடுத்தது. நடுவே 42 ஆண்டுகள்.

வாசலில் நிறுத்தப்பட்ட அனுபவம் நமக்குப் புதிதா? வகுப்பறையில் கோணிப்பையில் தனியே உட்கார்ந்த, தண்ணீர்க் குழாயைத் தொட முடியாத சிறுவன் பீமாவின் கதையை நாம் அறிவோம். அதையும் படக்கதையாகச் சொன்னார்கள். ‘பீமாயணா’ என்ற அந்த நூல் 2011-ல் வந்தது. எழுதியவர்கள் ஸ்ரீவித்யா நடராஜனும் எஸ்.ஆனந்தும். வரைந்தவர்கள் துர்காபாய் வியாம், சுபாஷ் வியாம் என்ற கோண்டு பழங்குடி ஓவியர்கள். தண்ணீர், தங்க இடம், பயணம் என்று அண்ணலுக்கு மறுக்கப்பட்ட மூன்றையும் மீன்களும் பறவைகளும் மரங்களும் சேர்ந்து சொல்கின்றன.

ஜான் லூயிஸ் 2020 ஜூலை 17-ல் மறைந்தார். பறக்கத் தெரிந்த நாயகர்கள் கூடும் விழாவில், நடந்தே வென்ற ஒரு மனிதரைப் பிள்ளைகள் பார்த்தார்கள். தொட்டார்கள், கூடவே நடந்தார்கள். பறப்பது அவர்களால் ஆகாது. நடப்பது ஆகும்.

மாணவத் தம்பி தங்கைகளே, நம் ஊர்களிலும் அப்படி நடந்தவர்கள் இருக்கிறார்கள். பொதுக்குளத்தில் முதலில் இறங்கியவர் யார்? டீக்கடையில் தனிக்குவளையை மறுத்தவர் யார்? செருப்புப் போட்டுக்கொண்டு ஊர்த்தெருவில் முதலில் நடந்தவர் யார்? பாட்டி தாத்தாவிடம் கேளுங்கள். அன்று அவர்கள் என்ன உடுத்தியிருந்தார்கள், பையில் என்ன வைத்திருந்தார்கள் என்பதையும் கேட்டு எழுதி வையுங்கள். நன்றாகப் படம் வரையும் பிள்ளை வகுப்புக்கு ஒருவராவது இருக்கும். எழுதியதை அந்தப் பிள்ளையிடம் கொடுங்கள்.