அவிநாசி: தனித்தொகுதியின் தர்மம்

தொகுதிகளின் கதை – 9

ஒரே தொகுதியிலிருந்து இரண்டு அங்கத்தினர்களைத் தேர்ந்தெடுத்து அனுப்பிய பழைய முறை, 1952, 1957 ஆகிய இரு பொதுத் தேர்தல்களிலும் வழக்கிலிருந்து, பின்னர் 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தினால் முடிவுக்கு வந்த வரலாற்றைச் சென்ற வாரம் பார்த்தோம். அந்த இரட்டைத் தொகுதி மறைந்த பிறகு, தாழ்த்தப்பட்டோருக்குச் சபையில் இடமளிக்கும் அதன் நோக்கத்தை நிறைவேற்றும் பொறுப்பு முழுவதும் தனித்தொகுதியின் மீது வந்து சேர்ந்தது. அந்தப் பொறுப்பு எவ்வளவு நிறைவேறியிருக்கிறது, எங்கே குறைபட்டு நிற்கிறது என்பதை அறிய விரும்புகிறவர்களுக்குக் கொங்கு நாட்டின் அவிநாசியைப் போல் தெளிவாக விடை சொல்லும் ஊர் வேறொன்று எளிதில் அகப்படாது.

கோயமுத்தூரிலிருந்து சேலம் செல்லும் நெடுஞ்சாலையில், முதலை விழுங்கிய பாலகனைச் சுந்தரமூர்த்தி நாயனார் பதிகம் பாடி மீட்டதாகப் புராணம் போற்றும் திருத்தலம் அது. சித்திரைத் தேருக்குக் கூடுகிற ஜனங்களும், திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்குப் பஸ் ஏறுகிற தொழிலாளரும், சோமனூர்ப் பக்கத்து விசைத்தறிக்குப் பாவு கொண்டு செல்வோரும், மானம் பார்த்த பூமியில் சோளம் விதைத்துவிட்டு வானத்தைப் பார்த்திருக்கும் குடியானவர்களும் ஒரே கடைவீதியில் தோளோடு தோள் உரசிச் செல்லும் ஊர். சட்டமன்றத் தொகுதிகளின் வரிசையில் இதன் எண் 112. திருப்பூர் மாவட்டத்து அவிநாசி, சேவூர், திருமுருகன்பூண்டி ஆகிய பகுதிகளோடு கோவை மாவட்டத்து அன்னூர் வட்டாரமும் இதில் அடங்கும். பாராளுமன்றத்திற்கோ இது நீலகிரித் தொகுதியின் ஓர் அங்கம். உதகையில் தேயிலை விலையைப் பற்றிப் பேசிய அபேட்சகர், மலையிறங்கி இங்கு வந்தவுடன் நூல் விலையைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது.

தனித்தொகுதியின் தத்துவத்தை இங்கே சிறிது நினைவுபடுத்திக்கொள்வது அவசியம். தாழ்த்தப்பட்டோர் தங்கள் பிரதிநிதிகளைத் தாங்களே தேர்ந்தெடுக்கும் தனி வாக்காளர் தொகுதி வேண்டுமென்று டாக்டர் அம்பேத்கரும் நம் இரட்டைமலை சீனிவாசனும் வட்டமேஜை மாநாட்டில் வாதாடினார்கள். அதை எதிர்த்துக் காந்தியடிகள் எரவாடா சிறையில் உண்ணாவிரதம் இருந்ததன் விளைவாக, 1932 செப்டம்பர் 24-ஆம் நாள் பூனா ஒப்பந்தம் பிறந்தது. நிற்பவர் தாழ்த்தப்பட்ட சமூகத்தினராக இருக்க வேண்டும், ஆனால் வாக்களிப்பவர் எல்லாச் சமூகத்தினருமாக இருப்பர் என்னும் ஏற்பாட்டின் மூலம் அதில் இருக்கிறது. சுதந்திர பாரதத்தின் அரசியல் சட்டம் அதன் சாரத்தை ஏற்றுக்கொண்டது. இன்று தமிழகத்தின் 234 தொகுதிகளில் 44 தொகுதிகள் இவ்வகையின; அவிநாசியும் அவற்றுள் ஒன்று. இவ்வேற்பாட்டில் ஒரு பெரிய நன்மையும் ஒரு பெரிய அபாயமும் சேர்ந்தே இருக்கின்றன. ஊர் முழுவதும் சேர்ந்து ஒரு தாழ்த்தப்பட்ட சகோதரரைத் தன் பிரதிநிதியாக வரித்துக்கொள்வது நன்மை. வென்றவர் தம் சொந்த ஜனங்களின் குறையை உரக்கச் சொன்னால் ஏனையோரின் வாக்கு போய்விடுமோ என்று அஞ்சும் நிலை அபாயம்.

அவிநாசியின் தேர்தல் சரித்திரம் ஒரே நிறத்ததன்று. 1980-இல் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியின் எம். ஆறுமுகத்தையும், 1996-இல் தி.மு.க.வின் ஜி. இளங்கோவையும், 2006-இல் அ.தி.மு.க.வின் ஆர். பிரேமாவையும் இவ்வூர் மக்கள் அனுப்பினார்கள். 2011-இல் அ.தி.மு.க.வின் ஏ.ஏ. கருப்பசாமி வென்றார். 2016-இல் அக்கட்சியின் சார்பில் வந்து வென்ற ப. தனபால், 1977-இலேயே சங்ககிரியிலிருந்து சட்டசபை புகுந்தவர். 2012 முதல் சபாநாயகர் ஆசனத்தில் அமர்ந்திருந்தவர். 1946 முதல் 1955 வரை சென்னைச் சட்டசபையின் சபாநாயகராக விளங்கிய ஜெ. சிவசண்முகம் பிள்ளைக்குப் பிறகு, தாழ்த்தப்பட்ட சமூகத்திலிருந்து அந்த ஸ்தானத்தை அடைந்தவர் இவரே. அருந்ததியர் குலத்தில் பிறந்த ஒருவர் எழுந்து நின்றால் சபை முழுவதும் அமைதி காக்க வேண்டும் என்பது எத்தனையோ தலைமுறைகள் கனவிலும் கண்டிராத காட்சி.

2021-ஆம் ஆண்டுத் தேர்தலை நான் இத்தொடரில் தனியே எடுத்துச் சொல்ல விரும்புவதற்குக் காரணம் உண்டு. ஒருபுறம் சபாநாயகர் தனபால். எதிரே, ஆதித்தமிழர் பேரவையை நிறுவி, அருந்ததியருக்கு உள் ஒதுக்கீடு வேண்டுமென்று ஊர் ஊராய்ச் சென்று கிளர்ச்சி செய்த இரா. அதியமான், தி.மு.க.வின் உதயசூரியன் சின்னத்தில். அக்கிளர்ச்சிகளின் பயனாக 2009-ஆம் ஆண்டில், தாழ்த்தப்பட்டோருக்குரிய 18 சதவீதத்திற்குள் அருந்ததியருக்கு 3 சதவீத ஒதுக்கீடு சட்டமாயிற்று. 2024 ஆகஸ்டு முதல் நாள், எழுவர் அடங்கிய உச்ச நீதிமன்ற அமர்வு அத்தகைய உட்பிரிவு செல்லுமென்று தீர்ப்பளித்தது. சபைக்குள் உயர்ந்த ஒருவரும், சபைக்கு வெளியே போராடி உரிமை பெற்றுத் தந்த ஒருவரும் ஒரே சமூகத்திலிருந்து எதிரெதிரே நின்றனர். மாநிலம் முழுவதும் தி.மு.க. ஆட்சியைப் பிடித்த அவ்வாண்டிலும், தனபால் ஐம்பதினாயிரத்துக்கு மேற்பட்ட வாக்கு வித்தியாசத்தில் வென்றார். தோற்றவர் நிறைவேற்றிய பணியின் பலனை வென்றவரின் பிள்ளைகளும் அனுபவிக்கும்படி அமைந்த போட்டியாதலால், அத்தேர்தலில் தோல்வியென்று ஒன்றைத் தனியே சுட்ட எனக்கு மனம் வரவில்லை.

இனி, எல்லாத் தேர்தல்களிலும் நிற்காமல் நின்ற மூன்றாவது அபேட்சகரைச் சொல்ல வேண்டும். அது தண்ணீர். மழைமறைவுப் பிரதேசமாகிய இந்நிலத்தின் வறண்ட குளங்களைப் பவானியின் உபரி நீரால் நிரப்ப வேண்டுமென்னும் அத்திக்கடவு–அவிநாசித் திட்டம், அறுபது ஆண்டுகளாக மேடைதோறும் வாக்குறுதியாகவே வாழ்ந்தது. ஆழ்துளைக் கிணறுகள் ஆயிரம் அடிக்கும் கீழே இறங்கின; 2016-இல் அவிநாசியிலேயே மக்கள் உண்ணாவிரதம் இருந்தனர். 2019-இல் முதலமைச்சர் எடப்பாடி பழனிசாமி அடிக்கல் நாட்டினார். 2024 ஆகஸ்டு 17-ஆம் நாள் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் தொடங்கி வைத்தார். காலிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழேயிருந்து ஒன்றரை டி.எம்.சி. உபரி நீரை ஆறு நீரேற்று நிலையங்களால் மேலேற்றி, 1,045 ஏரி குளம் குட்டைகளுக்குக் குழாய் வழியே கொண்டு செல்லும் ஏற்பாடு அது. இதில் நான் காண்பது வேறொரு செய்தி. பெரும்பாலும் நிலமற்ற கூலி ஜனங்களின் சமூகத்திலிருந்து சென்ற அங்கத்தினர்கள், நிலமுடையோரின் வயலுக்கு நீர் வேண்டுமென்ற கோரிக்கையைத் தங்கள் தொகுதியின் முதற் கோரிக்கையாகச் சுமந்தார்கள். தனித்தொகுதி அங்கத்தினர் ஒரு சாராருக்கே உரியவர் என்று கூறுவோருக்கு இதைவிட நேரான மறுமொழி இல்லை.

ஆனால் அந்தச் சேவைக்கு நன்றி திரும்பி வந்ததா? 2018 ஜூலையில், சேவூருக்கு அருகே ஒரு கிராமத்து அரசுப் பள்ளிக்குச் சத்துணவு சமைக்க மாற்றலாகி வந்த அருந்ததியப் பெண்மணியை, அவர் கை பட்ட சோற்றை எங்கள் பிள்ளைகள் உண்ணலாகாதென்று ஊரார் சிலர் தடுத்து நிறுத்தினார்கள். அதிகாரிகள் முதலில் பணிந்து, அவரையே வேறிடத்துக்கு மாற்ற முற்பட்டார்கள். சங்கங்கள் சாலையில் அமர்ந்த பிறகுதான் அம்மாற்றல் ரத்தாகி, அவர் மீண்டும் அதே அடுப்பங்கரைக்குச் சென்று அரிசி களைந்து உலையேற்றினார். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் நடந்த வழக்கு, 2024 நவம்பரில் ஆறு பேருக்குச் சிறைத் தண்டனையோடு முடிந்தது. அந்தச் சம்பவம் நிகழ்ந்த நாளில் இத்தொகுதியின் அங்கத்தினர் அதே சமூகத்தைச் சேர்ந்த சபாநாயகர் என்பதை நினைத்துப் பார்த்தால் நெஞ்சு பொறுக்கவில்லை. வாக்குச் சாவடியில் ஒருவரைத் தலைவராக ஏற்ற கை, பள்ளிக்கூடத்தில் அவருடைய சமூகத்துப் பெண்ணின் கையால் அன்னம் ஏற்க மறுத்தது.

இதைக் கொண்டு, தனித்தொகுதி பயனற்றதென்று முடிவு கட்டுவோர் உளர். என் அபிப்பிராயம் நேர்மாறானது. ஆதியில் பத்தாண்டுகளுக்கென்று வகுக்கப்பட்ட இந்த ஒதுக்கீடு, பத்துப் பத்தாண்டுகளாக நீட்டிக்கப்பட்டு, இப்பொழுது 2030 ஜனவரி வரை நடைமுறையில் இருக்கிறது. அப்பொழுது நீட்டிப்பைப் பற்றிய விவாதம் மீண்டும் எழும். அந்தச் சத்துணவுக் கூடத்தின் கதவு எல்லாருக்கும் திறக்கும் வரையில் இந்த ஒதுக்கீடு இருந்தே தீர வேண்டும். சட்டம் ஆசனத்தைத் தர முடியும். சமபந்தியைத் தர முடியாது. அதை வாக்காளர்களாகிய நாம்தான் தர வேண்டும். ஆகவே அவிநாசி வாக்காளப் பெருமக்களுக்கு நான் விடுக்கும் வேண்டுகோள் ஒன்றே: அடுத்த முறை ஓட்டுக் கேட்டு வரும் எந்தக் கட்சி அபேட்சகரையும், எங்கள் ஊர்ப் பள்ளியில் யார் சமைத்தாலும் எல்லாக் குழந்தைகளும் ஒரே பந்தியில் உண்ண நீர் என்ன செய்வீர் என்று கேளுங்கள், கேட்ட கையோடு, உங்கள் வீட்டுப் பிள்ளையை அந்தப் பந்தியில் முதலில் உட்கார வையுங்கள்.