முந்தானையை மறந்த மோட்டார் சைக்கிள்

‘‘எப்டிக்கீதும்மா நம்ம வண்டி?’’ என்று என் மகன் கேட்டபோது, அது நம் வீட்டு வண்டி என்றே எனக்கு முதலில் தெரியவில்லை.

எங்கள் வீடு நொச்சிக்குப்பத்தில் கடலைப் பார்த்த குடியிருப்பில் இருக்கிறது. வீட்டுக்காரர் கடல் தொழிலுக்குப் போகிறவர். மகனுக்கு இருபத்திரண்டு வயது. சம்பளத்தில் மிச்சம் பிடித்து, பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்கினான். பத்து நாள் அதைக் கொண்டுபோய் நண்பன் வீட்டில் போட்டுவிட்டு, திரும்பக் கொண்டு வந்தபோதுதான் இந்தக் கேள்வி.

பின்பக்க மட்கார்டு பாதியாகக் குறைந்திருந்தது. நீள சீட்டு போய் குட்டை சீட்டு வந்திருந்தது. பின்னால் உட்காருகிறவர் பிடித்துக்கொள்ளும் கம்பி இல்லை. கண்ணாடி இரண்டும் இல்லை. இடப்பக்கம் சக்கரத்தை மறைத்தபடி இருந்த சாரி கார்டும் இல்லை. ‘‘நல்லாத்தான்டா இருக்கு’’ என்றேன். அவன் முகத்தில் அவ்வளவு சந்தோஷம்! எந்தத் தாய்க்கு வேறு வார்த்தை வரும், சொல்லுங்கள்?

மறுநாள் என் மகளின் ஏழு மாதக் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, அதே வண்டியில் தடுப்பூசி போட்டு வந்தேன். ஒன்றும் ஆகவில்லை. அதற்கு அடுத்த நாள் மயிலாப்பூருக்குச் சாமான் வாங்கக் கிளம்பினோம். குழந்தை தூங்கியதால் விட்டுவிட்டுப் போனேன். அதை நினைத்தால் இன்றும் வயிற்றைப் பிசைகிறது.

சாந்தோம் நெடுஞ்சாலையில் திரும்பினோம். தோளில் யாரோ பிடித்து இழுத்த மாதிரி இருந்தது. ‘டேய்’ என்று கத்தி முடிப்பதற்குள் தரையில் கிடந்தேன். முந்தானை சக்கரத்துக்குள் சுருண்டு, கழுத்தோடு இறுக்கிக்கொண்டிருந்தது. ஓரத்தில் இளநீர் விற்றுக்கொண்டிருந்த பெரியவர் அரிவாளோடு ஓடி வந்து முந்தானையை அறுத்துவிட்டார். வண்டி மெதுவாகப் போனதால் முட்டியிலும் முழங்கையிலும் சிராய்ப்போடு தப்பினேன். மகன் ரோட்டிலேயே உட்கார்ந்து அழுதான். மடியில் குழந்தை இருந்திருந்தால் என்று எங்கள் இருவருக்கும் ஒரே நினைப்புதான். வாய்விட்டு யாரும் சொல்லவில்லை.

ஒரு நொடிக்கு ஐந்து சுற்று

மோட்டார் சைக்கிள் சக்கரம் ஒரு முறை சுற்றினால் வண்டி ஏறக்குறைய 2 மீட்டர் நகரும். மணிக்கு 36 கிலோமீட்டர் வேகம் என்றால் ஒரு நொடியில் 10 மீட்டர். அதாவது சக்கரம் ஒரு நொடியில் ஐந்து முறை சுற்றுகிறது! துணி ஒரு கம்பியில் மாட்டினால் போதும், நாம் சுதாரிப்பதற்குள் ஐந்து சுற்று சுற்றிவிடும்.

சாரி கார்டு அழகுக்கு மாட்டிய பொருள் அல்ல. 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123ஆவது விதி மூன்று பொருள்களைக் கட்டாயமாக்குகிறது. பின்னால் இருப்பவருக்குக் கைப்பிடி, கால் வைக்க மிதி, துணி மாட்டாதபடி பின்சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மறைக்கும் தடுப்பு. மூன்றுமே வண்டி ஓட்டுகிறவனுக்கு அல்ல. பின்னால் உட்காரும் நமக்கு! பிள்ளைகள் வண்டியை அழகுபடுத்தும்போது முதலில் கழற்றிப் போடுவதும் பெரும்பாலும் இவற்றைத்தான்.

மாடிப்படிக்குக் கீழே ஒரு மாநாடு

ஞாயிற்றுக்கிழமை மகனின் நண்பர்கள் ஐந்து பேர் மாடிப்படிக்குக் கீழே வண்டிகளோடு கூடினார்கள். ஒருவனிடம் புல்லட். இன்னொருவனிடம் 1985 முதல் 1996 வரை நம் நாட்டில் தயாரான யமஹா ஆர்.எக்ஸ்.100. டீ போட்டுக் கொடுத்துவிட்டு, நானும் படியில் உட்கார்ந்துவிட்டேன்.

அவர்கள் பேச்சைக் கேட்டால் நமக்கே ஆசை வரும். புல்லட் நம்ம ஊர் வண்டியாம். இங்கிலாந்துக் கம்பெனியோடு சேர்ந்து 1955இல் சென்னையில் தொடங்கி, திருவொற்றியூர் தொழிற்சாலையில் செய்தார்களாம். பிற்பாடு இங்கிலாந்தில் தயாரிப்பு நின்றுபோனது; இங்கே இன்றும் நடக்கிறது. பழைய பாகம் வேண்டுமென்றால் புதுப்பேட்டைக்குப் போய்த் தேடுவார்களாம். என் மகன் வண்டியைச் செய்திருக்கும் தினுசுக்குப் பெயர் ‘கஃபே ரேஸர்’. 1950, 60களில் லண்டன் வாலிபர்கள் ஒரு காப்பிக் கடையிலிருந்து இன்னொரு கடைக்கு வேகமாகப் போவதற்காக, எடையைக் குறைத்துச் செய்துகொண்ட வண்டியாம் அது.

‘‘அந்தப் பசங்க பின்னாடி அம்மாவையும் கொழந்தையையும் உட்கார வெச்சிக்கினா போனாங்க?’’ என்று கேட்டேன். சிரித்தார்கள். ஆனால் விஷயம் அதில்தான் இருக்கிறது. ஒருத்தர் ஓட்டுவதற்காகப் பிறந்த வேஷத்தை, குடும்பமே ஏறும் வண்டிக்குப் போட்டால் எப்படி?

‘‘அத்தே, சாரி கார்டு மாட்டினா வண்டி லுக்கே பூடும்’’ என்றான் ஒருவன்.

‘‘உங்க அப்பா போட்டுக்குக் கலர் அடிக்கிறாரு, பேர் எழுதுறாரு, கொடி கட்டுறாரு. அழகுக்குன்னு ஒரு பக்கம் பாரம் சாயற மாதிரி எதையாவது வெப்பாரா? கடல்ல தெரியற கணக்கு ரோட்ல ஏன்டா மறந்துபோவுது?’’ என்றேன். அதற்குப் பதில் வரவில்லை.

மெக்கானிக் வேலை செய்யும் பையன் மற்றதையும் ஒப்புக்கொண்டான். வண்டிக்கு ஒவ்வாத அகல டயர் போட்டால் திருப்பும்போது வண்டி சொன்ன பேச்சுக் கேட்காதாம். ஹாண்டில்பாரை மாற்றும்போது ஒயர்களைச் சரியாக விடாவிட்டால், திருப்பும்போது பிரேக்கும் கிளச்சும் இழுபடுமாம். கண்ணைக் கூசும் வெள்ளை லைட் போட்டால் எதிரே வருகிறவருக்கு ரோடே தெரியாது. சைலன்சரை மாற்றி ‘டமடம’வென்று ஓட்டினால் தூங்கும் குழந்தையும் இருதய நோயாளியும் தூக்கிவாரிப் போட்டு எழுந்திருப்பார்கள்.

சட்டமும் சும்மா விடுவதில்லை. வண்டியின் அடிப்படை அமைப்பை, கம்பெனி செய்து கொடுத்ததற்கு மாறாக மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டே சொல்லிவிட்டது. அந்த ஆண்டு திருத்திய மோட்டார் வாகனச் சட்டப்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம். பெயின்ட், ஸ்டிக்கர், சீட் உறை என்று ஆசையைத் தீர்த்துக்கொள்ள வழி எத்தனையோ இருக்கிறது. வண்டியின் நிறத்தையே மாற்றினால் மட்டும் ஆர்.சி. புத்தகத்திலும் மாற்றிக்கொள்ள வேண்டும்.

தலைக்கு ஒரு காவல்

‘லாரன்ஸ் ஆஃப் அரேபியா’ படத்தை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். அந்த லாரன்ஸ் 1935 மே மாதம் இங்கிலாந்தில் மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து, ஆறு நாள் நினைவில்லாமல் கிடந்து இறந்தார். தலையில் ஹெல்மெட் இல்லை. அவருக்குச் சிகிச்சை செய்தவர்களில் ஒருவரான டாக்டர் ஹியூ கெய்ர்ன்ஸ் மனம் பொறுக்காமல், மோட்டார் சைக்கிள்காரர்களின் தலைக்காயங்களை ஆராய்ந்து 1941இல் கட்டுரை எழுதினார். ஹெல்மெட் எத்தனை உயிரைக் காக்கும் என்று உலகம் புரிந்துகொள்ள அதுவும் ஒரு காரணம்.

பல ஆராய்ச்சிகளைச் சேர்த்துப் பார்த்ததில், ஹெல்மெட் சாவு அபாயத்தை 42 சதவிகிதமும், தலைக்காய அபாயத்தை 69 சதவிகிதமும் குறைக்கிறதாம். ஓட்டுகிறவருக்கு மட்டுமல்ல, பின்னால் இருக்கிறவருக்கும் ஹெல்மெட் கட்டாயம். நம்மில் எத்தனை பேர் ‘பூ நசுங்கும், கொண்டை கலையும்’ என்று கையில் பிடித்துக்கொண்டு போகிறோம்!

வாங்கும்போது ஐ.எஸ்.ஐ. முத்திரையைப் பாருங்கள். மாட்டிக்கொண்டு தலையை ஆட்டினால் ஹெல்மெட் தனியாக ஆடக் கூடாது. கன்னத் தோலும் அதோடு அசைய வேண்டும். வாரைப் பூட்டாத ஹெல்மெட் விழும்போது நமக்கு முன்னால் ஓடிவிடும். உச்சிக் கொண்டை வேண்டாம். பின்னலைத் தாழ்த்திப் போடுங்கள். ஒரு முறை பலமாக அடிபட்ட ஹெல்மெட்டை, மேலே கீறல் இல்லாவிட்டாலும் மாற்றிவிடுங்கள்.

குழந்தைகள் விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். நாலு வயதுக்கு மேற்பட்ட குழந்தைக்கும் ஹெல்மெட் போட வேண்டும். நாலு வயதுக்குக் குறைந்த குழந்தையை ஓட்டுகிறவரோடு சேர்த்துக் கட்டும் பாதுகாப்பு வார் வேண்டும், வேகம் 40 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது என்று 2023 பிப்ரவரி முதல் விதி வந்திருக்கிறது. தலை நிற்காத கைக்குழந்தைக்குப் பஸ்ஸோ ஆட்டோவோதான் நல்லது. இதை நான் பட்ட பிறகு சொல்கிறேன். பதினெட்டு நிறையாத பிள்ளை கியர் வண்டியை ஓட்டி விபத்து செய்தால், பெற்றோருக்கோ வண்டிக்காரருக்கோ மூன்று வருடம் வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. ‘கெஞ்சினான், சாவியைக் கொடுத்தேன்’ என்பது கோர்ட்டில் எடுபடாது.

நாம் செய்ய வேண்டியது

ஏறும் முன் முந்தானையைச் சுற்றி இடுப்பில் செருகுங்கள். துப்பட்டாவைக் குறுக்கே போட்டு முடிச்சுப் போடுங்கள். கழுத்தைச் சுற்றி ஒருபோதும் போடாதீர்கள். சல்வார் போட்டிருந்தால் இருபக்கமும் கால் போட்டு உட்காருவதே பத்திரம்.

‘கொஞ்சம் வேகமாப் போடா’ என்று நாமே சொல்லக் கூடாது. ஆபத்தைப் பார்த்து பிரேக் மிதிக்க ஒரு நொடி ஆகிறது என்று வையுங்கள். 40 கிலோமீட்டர் வேகத்தில் அந்த ஒரு நொடியில் வண்டி 11 மீட்டர் ஓடிவிடும். 60 கிலோமீட்டரில் ஏறக்குறைய 17 மீட்டர். எங்கள் லூப் ரோடு மாதிரி மணல் பறந்து கிடக்கும் இடத்தில் திடீர் பிரேக் போட்டால் வண்டி வழுக்கும். உப்புக் காற்றுக்குச் செயினும் பிரேக் ஒயரும் சீக்கிரம் துருப்பிடிக்கும். வாரம் ஒரு தரம் நல்ல தண்ணீரில் துடைத்து, செயினுக்கு மட்டும் எண்ணெய் விடச் சொல்லுங்கள். பிரேக்கில் எண்ணெய் படவே கூடாது.

சைலன்சரின் மேல் தகட்டையும் பிள்ளைகள் கழற்றிவிடுகிறார்கள். இறங்கும்போது கெண்டைக்காலில் சுட்டால், இருபது நிமிடம் குழாய்த் தண்ணீரில் காட்டுங்கள். கொலுசு இருந்தால் வீங்குவதற்கு முன் கழற்றுங்கள். பேஸ்ட், இங்க், மஞ்சள், ஐஸ் எதுவும் வேண்டாம். கொப்புளத்தை உடைக்காமல் சுத்தமான துணியால் லேசாக மூடுங்கள். காயம் பெரிதாக இருந்தாலோ குழந்தைக்குப் பட்டாலோ டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

ரோட்டில் யாராவது விழுந்து கிடந்தால் 108க்குக் கூப்பிடத் தயங்காதீர்கள். உதவி செய்தவரை யாரும் வதைக்கக் கூடாது என்று சட்டமே இருக்கிறது. விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரம் இலவச சிகிச்சை தரும் ‘இன்னுயிர் காப்போம்’ திட்டம் 2021 டிசம்பரில் நம் மாநிலத்தில் தொடங்கியது. திட்டத்தில் சேர்ந்த தனியார் ஆஸ்பத்திரிக்கும் இது பொருந்தும்.

அலை போட்ட சாரி கார்டு

கடைசியில் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். நீள சீட்டும் கைப்பிடியும் கண்ணாடியும் மட்கார்டும் பழையபடி வந்துவிட்டன. சாரி கார்டுக்கு மட்டும் அந்த மெக்கானிக் பையன் ஒரு யோசனை சொன்னான். கம்பியைக் கடல் அலை மாதிரி வளைத்து, கறுப்பு பெயின்ட் அடித்துக் கொண்டு வந்தான். பார்க்க ஜோராக இருந்தது. நான் ஒரு பழைய துண்டை அதன்மேல் போட்டுப் பார்த்தேன். அலைக்கும் அலைக்கும் நடுவில் துண்டு உள்ளே போனது!

‘‘அழகு பாஸு, வேலை ஃபெயிலு’’ என்றேன். பிள்ளை முகம் சுருங்கினாலும் திரும்ப எடுத்துக்கொண்டு போய், உள்பக்கம் வலைத் தகடு வைத்து, பாதிச் சக்கரத்துக்கு மேலேயே மறைத்துக் கொண்டு வந்தான். இப்போது துண்டு உள்ளே போகவில்லை. மற்ற நாலு பையன்களும் ‘எனக்கும் இதே மாதிரி போட்டுக் குடுடா’ என்று அவனை நச்சரிக்கிறார்கள். நான் ‘போடு’ என்று சொல்லாமலே!

பிள்ளைகளின் ஆசையை முறிக்க வேண்டாம், சகோதரிகளே. ‘இந்த வண்டியில் உன் அம்மா உட்கார இடமிருக்கிறதா?’ என்று ஒரு கேள்வி மட்டும் கேளுங்கள். இன்றைக்கு அடுப்படி வேலை முடிந்ததும் ஒரு பழைய துண்டை எடுத்துக்கொண்டு கீழே போய், நின்றுகொண்டிருக்கும் உங்கள் வீட்டு வண்டியின் பின்சக்கரத்தை ஒரு தரம் பார்த்துவிட்டு வாருங்களேன்!